கொல்லைப்புறத்தில் ஒரு செடி

என் ஆயா பிறந்த ஊர் பென்னலூர். இன்று அவ்வூரைக் கடப்பவர் எவரும் அதை ஓர் ஊர் என்று கருதமாட்டார். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையில், ஒரு பொறியியற் கல்லூரியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிறுத்தம், அவ்வளவே. ஆயாவின் நினைவிலோ அது ஏரியும் நெல்வயலும் மாட்டுக்கொட்டிலும் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் நாளிதழில் கஞ்சாத் தோட்டம் அழிக்கப்பட்ட செய்தியை உரக்கப் படித்தேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அது என்னாடா அதிசயம்? எங்க ஊட்டுக் கொல்லையிலயே ஒண்ணு ரெண்டு நிக்கும். மாட்டுக்கு வவுறு உப்பிக்கினா அந்த எலையத்தான் அரைச்சு ஊத்துவாரு எங்கப்பா." வீட்டிலிருந்த பெரியவர்கள் அவசரமாகப் பேச்சை மாற்றினார்கள். அந்த அவசரமே இக்கட்டுரைக்கு விதை. ஒரு தலைமுறைக்கு மாட்டு மருந்தாக இருந்த செடி, அடுத்த தலைமுறைக்கு வாயால் சொல்லவும் கூசும் குற்றமாக மாறியது எப்படி? கொல்லையில் நின்ற செடிக்கும் அரசாங்கத்துக்கும் இடையே என்ன நடந்தது? கிடைத்த சான்றுகளைக் கொண்டு ஒருவாறு தொகுத்துக் கூற முயல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நெல் நடவுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழும் சணப்பு வேறு, கஞ்சா வேறு. முன்னது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்குப் பைக்குரிய சணலோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. ஆயினும் ஆங்கிலேயர் நார் தரும் பல செடிகளுக்கும் 'ஹெம்ப்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் பழைய ஆவணங்களைப் படிப்போர் தடுமாறுவதுண்டு. ஆங்கிலேயக் கடற்படைக்குக் கயிறும் பாய்த்துணியும் ரஷ்ய 'ஹெம்ப்' நாரிலிருந்து வந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலேயே அதற்கு மாற்றுத் தேடியது. இந்திய உழவர் நாருக்குச் சணப்பை வளர்த்தனர். கஞ்சாவை நாருக்காக அன்றி மருந்துக்காகவும் மயக்கத்துக்காகவுமே வளர்த்தனர். கம்பெனி கண்ட உண்மை இதுதான்.

கஞ்சா, பங்கி என்பன தமிழில் இச்செடிக்கு வழங்கிய பெயர்கள். சித்த மருத்துவ மரபில் கோரக்கர் மூலி, சித்தமூலி, சிவமூலி என்றெல்லாம் அழைக்கப்படும். ஒரு செடிக்குச் சித்தர் ஒருவரின் பெயரையே சூட்டிய சமூகம் அதை வெறும் களையாகக் கருதவில்லை என்பது வெளிப்படை. அதே வேளையில் கஞ்சாக்குடியன் என்பது வசைச்சொல்லாகவும் இருந்தது. மதிப்பும் இகழ்ச்சியும் ஒருங்கே பெற்ற செடி இது. அந்த இரட்டை நிலையை ஊரார் சட்டத்தின் துணையின்றித் தாமே கையாண்டனர் என்பதை நினைவில் கொள்வோம்.

ஐரோப்பியர் எழுத்தில் இச்செடி இடம்பெறும் வரலாறு நம் கடற்கரைகளோடு நெருங்கிய தொடர்புடையது. 1563-இல் கோவாவில் அச்சான நூலொன்றில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் 'பாங்கு' பற்றி எழுதினார். கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெருநூலின் பத்தாம் தொகுதியில் இச்செடியின் ஆண், பெண் வகைகள் மலையாளப் பெயர்களுடனும் படங்களுடனும் தனித்தனியே இடம்பெற்றன. 1753-இல் லின்னேயசு இதற்கு 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டார். 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், இந்தியச் செடி ஐரோப்பியச் செடியினின்று வேறுபட்டது என்று கூறி 'கன்னாபிஸ் இண்டிகா' என்ற இரண்டாம் பெயரை வழங்கினார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட காய்ந்த மாதிரிகளை இந்தியாவிலிருந்து அனுப்பியவர் சொன்னரா. பிற்காலத்தில் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1839-இல் கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் இழுப்பு, வலி முதலான நோய்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே மேலைநாட்டு மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு இடம்பெற்றது.

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம்.

1893 மார்ச் 2-ஆம் நாள், இலண்டன் நாடாளுமன்றத்தில் கெயின் என்ற உறுப்பினர் ஒரு வினா எழுப்பினார். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டிருந்தவர் அவர். வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதையும் விற்பதையும், அதனால் மக்களின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் விளையும் தீமையையும் ஆராய ஒரு குழு அமைக்கப்படுமா என்பதே அவ்வினா. விசாரணை வங்காளத்தோடு நில்லாமல் இந்தியா முழுமைக்கும் விரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமைக்கப்பட்ட 'இந்தியக் கஞ்சா ஆணையம்' மக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்டது. உறுப்பினர்களில் மூவர் இந்தியர்: ராஜா சசிசேகரேசுவர ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த். எழுபது வினாக்களை அச்சிட்டு மாகாணந்தோறும் அனுப்பினார்கள். சென்னை உட்படப் பல நகரங்களில் அமர்ந்து விசாரித்தார்கள். மொத்தம் 1,193 சாட்சிகள். தாசில்தார்கள், மருத்துவர்கள், பாதிரிமார், மிராசுதார்கள், மூலிகை வைத்தியர்கள் எனப் பலதரப்பினரும் விடையளித்தனர். 1894-இல் வெளிவந்த அறிக்கையும் சாட்சியங்களும் பல தொகுதிகளாக மூவாயிரம் பக்கங்களைத் தாண்டின.

அத்தொகுதிகளில் சென்னை மாகாணத்துப் பகுதியைப் புரட்டியபோது என் ஆயாவின் குரல் கேட்டது. வயல்களில் பரவலாகப் பயிரிடுவது சில இடங்களில் மட்டுமே. பிற இடங்களில் வீட்டுக் கொல்லைகளில் சில செடிகள் நிற்கும் என்னும் பொருளில் சாட்சியங்கள் வருகின்றன. மாட்டுக்கு மருந்தாகக் கொடுக்கும் பழக்கமும் அறிக்கையில் இடம்பெறுகிறது. உழைத்துக் களைத்த எருதுக்குத் தெம்பூட்டவும், செரியாமையைப் போக்கவும் கொடுப்பார்களாம். ஒரு கிழவியின் வாய்ச்சொல்லும் ஏகாதிபத்தியத்தின் அச்சுப் புத்தகமும் ஒரே செய்தியைச் சொல்வதைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சியை வரலாற்று ஆர்வலர்கள் நன்கு அறிவார்கள்.

ஆணையம் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளை அது சோதித்த முறை. கஞ்சாவால் மக்கள் பித்தராகின்றனர் என்ற கூற்றுக்கு அதுவரை ஆதாரமாகக் காட்டப்பட்டவை அப்பதிவேடுகளின் புள்ளிவிவரங்களே. 1892-இல் சேர்க்கப்பட்டவர் 1,344 பேர். அவர்களில் கஞ்சாவே காரணம் என்று எழுதப்பட்ட ஒவ்வொருவரின் கதையையும் ஆணையம் மீண்டும் தோண்டிப் பார்த்தது. பல இடங்களில் 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியவர் மருத்துவர் அல்லர். அவரைப் பிடித்து வந்த காவலர்! உறவினர் எவரும் உடன் வராத நாடோடிக்கு, ஏதேனும் ஒரு காரணம் எழுதியாக வேண்டுமே என்று 'கஞ்சா' என எழுதிவிட்டனர். மறுவிசாரணையில் தேறியவர் 98 பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேர். அவர்களிலும் பலருக்கு வேறு காரணங்கள் கலந்திருந்தன. படிவத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தால் அதை நிரப்ப ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். அன்று அந்தக் குற்றவாளி ஒரு செடி.

ஆணையத்தின் முடிவு மதுவிலக்காளருக்கு உவப்பாக இல்லை. மிதமான பயன்பாட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. மிகுதியான பயன்பாடு தீங்கே. ஆயினும் முற்றான தடை தேவையுமில்லை, நடைமுறைக்கும் ஒவ்வாது. வரியும் உரிமமும் விதித்துக் கட்டுப்படுத்துவதே போதும் என்றது அறிக்கை.

இதைப் படித்துவிட்டு 'ஆகா, வெள்ளைக்காரனே சொல்லிவிட்டான்' என்று கொண்டாடுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். வெள்ளையன் தடை வேண்டாம் என்றதற்குப் பின்னால் கலால் வருவாய் என்ற பெரும் கணக்கு இருந்தது. தடையில்லை என்ற அதே அறிக்கைதான், கொல்லைச் செடிக்கு முதல் ஆபத்தையும் கொண்டு வந்தது. எப்படி என்கிறீர்களா? வரி விதிக்க வேண்டுமானால் பயிர் எண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இரண்டு செடி நின்றால் யார் எண்ணுவது? எனவே பயிரிடுதலைச் சில வட்டாரங்களுக்குள் சுருக்கி, விளைச்சலை அரசுக் கிடங்கில் சேர்த்து, உரிமம் பெற்ற கடைகளின் வழியே விற்பது என்ற முறை பரிந்துரைக்கப்பட்டது. வங்காளத்தில் முன்பே இருந்த முறையை ஒட்டியது இது. சென்னை மாகாணத்திலும் பின்னர் இவ்வழியே பின்பற்றப்பட்டது. இன்றைய ஆந்திரத்தின் சந்தராவூர்ப் பகுதியும் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் கஞ்சா விளைந்த வட்டாரங்களாகப் பேசப்பட்டன. உழவன் விளைத்துச் சர்க்கார் விற்றால் அது வருவாய்; ஆயாவின் தந்தை மாட்டுக்காக வளர்த்தால் அது கள்ளத்தனம். குற்றம் செடியில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஏறாமையே குற்றம்.

வங்காள முறையின் தலைமையிடம் ராஜசாஹி மாவட்டத்து நவகாவ்ம். இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. அங்கே ஒரு வியப்பான தொழில் இருந்தது. கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆணின் மகரந்தம் பட்டுவிட்டால் பெண்பூ விதை பிடித்துவிடும். சரக்கின் மதிப்பு குன்றும். விதைத்து முளைக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். பூக்குமுன் எது ஆண், எது பெண் என்று எளிய கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டறிந்து களைவதற்கென்றே 'போத்தார்' என்ற நிபுணர்கள் இருந்தனர். ஆங்கிலேயர் அவர்களைக் 'கஞ்சா வைத்தியர்' என்று அழைத்தனர். கூலி பெற்றுக்கொண்டு வயல் வயலாக நடந்து, நுண்ணிய அடையாளங்களைப் பார்த்து ஆண்செடிகளைப் பிடுங்கி எறிவது அவர்கள் பணி. 1877-இல் ஹேமசந்திர கெர் என்ற வங்காள அதிகாரியும், 1893-இல் தாவரவியலார் டேவிட் ப்ரெயினும் எழுதிய அறிக்கைகள் இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்துள்ளன. 1917-இல் அவ்வூர் உழவர்கள் ஒன்றுகூடிக் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கமே அமைத்தனர்.

அந்தப் போத்தாரின் கண்ணுக்கு இன்று வேலையில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கஞ்சா வளர்ப்பு விதையை விட்டுக் கிளைக்கு மாறியது. பெண்செடி ஒன்றின் கிளையை வேரூன்றச் செய்தால் பிறப்பதும் பெண்ணே. தாயின் அச்சு அசலான படி. ஆங்கிலத்தில் இதைக் 'குளோனிங்' என்று சொல்லும்போது ஏதோ ஆய்வுக்கூட மாயம்போல ஒலிக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் புதுமை எதுவுமில்லை. முருங்கைப் போத்து நட்டதும், மல்லிகைப் பதியன் போட்டதும், கரும்புக் கரணை ஊன்றியதும், வெற்றிலைக்கொடி படரவிட்டதும் இதே கலைதான். 'குளோன்' என்ற கிரேக்கச் சொல்லின் மூலப் பொருளும் சுள்ளி, கிளை என்பதே!

ஆனால் கிளையில் கிடைக்கும் உறுதிக்கு ஒரு விலை உண்டு. விதை ஒவ்வொன்றும் வேறு வேறு. படிகளோ எல்லாம் ஒன்று. தாய்க்கு வரும் நோய் சேய்கள் அனைத்துக்கும் வரும். ஹாப் செடியினின்று தாவிய ஒரு நச்சுயிரி போன்ற நுண்கிருமி வட அமெரிக்கக் கஞ்சாப் பண்ணைகளில் கிளைவழியே ஓசையின்றிப் பரவியிருந்தது 2019-இல் கண்டறியப்பட்டது. மற்றொன்றும் சொல்லவேண்டும். போதைக் கூறு மிகுந்த செடிகளையே மீண்டும் மீண்டும் தேர்ந்து படியெடுத்ததன் விளைவாக, இன்று சந்தையில் கிடைப்பது 1894-ஆம் ஆண்டு ஆணையம் கண்ட சரக்கு அன்று, பன்மடங்கு வீரியமுள்ளது. வளரும் பருவத்து மூளைக்கு இது ஊறு செய்யும் என்பதையும், நாள்தோறும் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு மனச்சிதைவு நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் இன்றைய மருத்துவம் காட்டுகிறது. ஆகவே பழைய அறிக்கையைப் புதிய செடிக்குச் சான்றிதழாகக் காட்டுவது நேர்மையாகாது.

மீண்டும் சட்டத்தின் கதைக்குத் திரும்புவோம். 1937-இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. அச்சட்டம் கள்ளையும் சாராயத்தையும் மட்டுமன்றிப் போதைச் சரக்குகளையும் விலக்கியது. 1961-இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தபோது கஞ்சா அபின் வகைகளோடு ஒரே பட்டியலில் சேர்ந்தது. பூந்துணர் சேராத இலை மட்டும் வரையறையிலிருந்து விலக்கப்பட்டது; பாங்கு அருந்தும் வடநாட்டு வழக்கத்துக்கு இதனால் வழி பிறந்தது. மரபான பயன்பாட்டைக் கைவிட இருபத்தைந்து ஆண்டு அவகாசமும் தரப்பட்டது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14 முதல், இன்றுள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தில் ஒரு முரணைக் கவனியுங்கள். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு'. தண்டனை ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ஆனால் உரிமமின்றிச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஓர் இலட்சம் வரை அபராதம். வளர்ப்பதில் சிறிய அளவு, பெரிய அளவு என்ற பாகுபாடே இல்லை. மலைச்சரிவில் ஏக்கர் கணக்கில் பயிரிட்டவனுக்கும், மாடியில் ஒரு தொட்டி வைத்தவனுக்கும் ஒரே பிரிவு. தீர்ப்பு எழுதும் நீதிபதியின் மனத்தில் மட்டுமே வேறுபாடு இருக்க முடியும். இலை வரையறைக்கு வெளியே நிற்கிறது. அவ்விலையைத் தாங்கும் செடியோ தடைக்கு உள்ளே நிற்கிறது.

இதே செடி கடல் கடந்த கதையையும் சொல்லாமல் முடிக்க இயலாது. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்துகொண்டு நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்தது. பத்தே ஆண்டுகளில், 1870-இல், இந்தியக் கூலிகள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் நேட்டால் அரசு சட்டம் இயற்றித் தடுத்தது. காரணம் ஒழுக்கம் அன்று, கரும்புத் தோட்டத்தில் வேலை கெடுகிறது என்பதே. கரீபியக் கடலின் ஜமைக்காவுக்கு 1845 முதல் சென்ற இந்தியர்கள் 'கஞ்சா' என்ற சொல்லையே அத்தீவின் மொழிக்குக் கொடுத்தனர். 1913-இல் அங்கும் தடை வந்தது.

இன்றைய நிலை என்ன? ஜமைக்காவில் 2015 முதல் ஒரு வீட்டில் ஐந்து செடி வரை வளர்ப்பது குற்றமன்று. தென்னாப்பிரிக்காவில், வயதுவந்தோர் தம் தனியிடத்தில் தம் தேவைக்காக வளர்ப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என 2018 செப்டம்பர் 18 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை விலக்கியபோது 27-க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் ஆதரவாகவே வாக்களித்தது. உத்தரகண்ட் மாநிலம் 2018-இல் நாருக்கான கஞ்சா வகைக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. ஆக, கூலியாகக் கப்பலேறியவனின் கொள்ளுப்பேரன் டர்பனில் தன் கொல்லையில் வைத்துக்கொள்ளக்கூடிய செடியை, ஊரிலேயே தங்கிவிட்டவனின் கொள்ளுப்பேரன் வைத்தால் பத்தாண்டுச் சிறைக்கு ஆளாகலாம். வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

சென்ற மாதம் பென்னலூர் சென்றிருந்தேன். ஆயாவின் வீடு இருந்த இடத்தில் தொழிற்சாலை இளைஞர்கள் தங்கும் வாடகை அறைகள். அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கலந்து ஒலித்தன. மாறி மாறி வரும் வேலைமுறையில் உறங்காத கண்கள். மாடு இல்லை, கொட்டில் இல்லை, கொல்லை என்று சொல்லத்தக்க மண்ணும் இல்லை. அந்த இளைஞர்களின் கையில் இச்செடியின் புதிய, வீரியம் மிக்க வடிவம் சேரக்கூடாது என்றே நானும் விரும்புகிறேன். ஆயினும் அவர்களில் ஒருவன் அறியாமையாலோ ஆர்வத்தாலோ ஒரு தொட்டியில் ஒரு விதையை ஊன்றிவிட்டால், அவன் இளமையின் பத்தாண்டுகள் ஒரு சட்டப் பிரிவின் கையில் இருக்கும் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1894-இல் ஆணையம் பதிவேட்டின் ஒரு கட்டத்தை ஐயுற்று, பின்னாலிருந்த மனிதனைத் தேடிச் சென்றது. அந்தப் பொறுமையையாவது நாம் அவர்களிடமிருந்து கற்றிருக்கலாம்.

யாரும் இச்செடியை வளர்க்கவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. சட்டம் உள்ளவரை அது தீராத் துன்பத்தையே தரும். ஆனால் நம் பாட்டிமார் அறிந்திருந்த ஒன்றை நாம் பேச்சை மாற்றி மறைக்க வேண்டியதில்லை. இன்னும் சில ஆண்டுகளில் அந்த நினைவுகளைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில் என்னென்ன செடிகள் நின்றன, எவை எந்த நோய்க்கு அரைக்கப்பட்டன, எப்போது எவருக்கு அஞ்சிப் பிடுங்கப்பட்டன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆயாவின் கொல்லையிலிருந்து அச்செடி மறைந்தது எந்த ஆண்டு என்று நான் கேட்காமலே போய்விட்டேன். கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு இன்னும் ஒரு தேதி கிடைத்திருக்கும்.